வாத்துக் கறிக்கு ஒரு பாட்டில்

கண்ணாடிக் கதவு முதுகுக்குப் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டதும் அமலோற்பவத்துக்கு முதலில் உறைத்தது உள்ளங்காலில் ஏறிய சில்லிப்புதான். குனிந்து பார்த்தால் வெறும் கால். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். யாரும் விடச் சொல்லவில்லை. முன்னால் போன வெளியூர்ப் பெண் குதிகால் செருப்போடு டக்டக்கென்று நடந்துதான் உள்ளே போனாள். இவள் மட்டும் கோவில் வாசலில் விடுகிற மாதிரி ஓரமாக, ஜோடி சேர்த்து, விட்டுவிட்டு வந்து நிற்கிறாள். ஒயின் கடைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவள் புதுச்சேரியிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு பயமும் வந்தது. திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வரலாம்தான். வெளியே போனால் மறுபடி உள்ளே வர மனசு வருமா? ஏற்கெனவே கடையைத் தாண்டிப் போய், பக்கத்துத் துணிக்கடையில் வாங்கப் போகாத நைட்டிக்கு விலை கேட்டு, தெருமுனை வரை நடந்து, தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று பார்த்துத் திரும்பி வந்திருக்கிறாள். அதனால் அப்படியே நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். அம்மாடி! தரையிலிருந்து கூரை வரைக்கும் பாட்டில். நின்றிருப்பவை கொஞ்சம், படுத்திருப்பவை அதிகம். மரத்தட்டில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளை வரிசையாகப் போட்டிருப்பது போல, அத்தனையும் சத்தமில்லாமல் தூங்குகின்றன. இதைப் படுக்க வைத்துத்தான் வளர்க்க வேண்டுமா? அவளுக்குத் தெரிந்த பிராந்திக் கடையில் இரும்பு வலைக்குள் கையை விட்டு ஆட்கள் முண்டுவார்கள், ஈ மொய்க்கும், ஊறுகாய்ப் பொட்டலம் காலில் பிசுக்கும். அந்தக் கடை வாசலுக்கு எத்தனை சாயங்காலம் போயிருக்கிறாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, புருஷனை அழைத்து வர. ஆனால் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. இன்றைக்குத்தான் முதல் முறை, அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், வீட்டில் வாத்து ஊறிக்கொண்டிருக்கையில்.

மகள் ரெஜினா போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. “வெல கம்மியாவே வாங்கும்மா, ஆனா கம்மி வெலன்னு தெரியக் கூடாது.” அது எப்படியடி தெரியாமல் இருக்கும், அதன் மேலேயே அச்சடித்திருப்பானே என்று கேட்டதற்குச் சிரித்தாள். மாப்பிள்ளை எத்தியேனே வாங்கி வரட்டுமே, அவருக்குத்தானே இதெல்லாம் தெரியும் என்று இவள் நழுவப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. “அவரு வாங்கினா அது அவங்க வூட்டு பாட்டிலும்மா. நீ வாங்கி வெச்சாதான் அவங்க மனசு ஆறும்.” மனசு ஆறும். ஆற வேண்டியதாகிப் போனது யாரால்? இவளால்தான். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டில், நீள மேசை, வெள்ளைத் துணி, மாப்பிள்ளையின் அப்பா இன்னாசி முசே பட்டாளத்து விறைப்போடு நிமிர்ந்து நின்றுகொண்டு இவள் முன்னாலிருந்த கிளாசில் ஒயின் ஊற்ற வந்தார். ஆசையாகத்தான் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பம். அவர்களுக்கு அது சோற்றோடு வைக்கும் தண்ணீர் மாதிரி. இவள் கிளாசின் மேல் கையை வைத்து மூடினாள். அதோடு விட்டிருக்கலாம். “இது எங்க வூட்டுப் படி ஏறாதுங்க” என்றாள், அதுவும் சின்னக் குரலில் இல்லை. இன்னாசி முசே தன் கிளாசைக் கீழே வைத்தார், அப்புறம் அதைத் தொடவே இல்லை. அவர் மனைவி தெரேஸ் மதாம் எழுந்து போய்ப் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு வந்தாள், ஏதோ அசிங்கத்தை ஒளித்து வைப்பது போல. கல்யாணம் ஆகி ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. சம்பந்திகள் ஒரு நாள்கூட இவள் வீட்டுக்கு வரவில்லை. கேட்டால் முழங்கால் வலி. முழங்கால் வலிக்காரர் கடற்கரையில் தினமும் நடக்கிறார். “நம்மள குடிகாரக் கும்பல்னு உங்கம்மா நெனைக்கறாங்கன்னு மாமா சொன்னாரும்மா” என்று ரெஜினா ஒரு தரம் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாளை மதியம் விருந்துக்கு வருகிறோம் என்று இப்போதுதான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மேசையில் ஒயின் இல்லாவிட்டால் பழைய பேச்சு பழையபடியே நிற்கும், நடுவில் கிடந்து பெண் நசுங்கும். இருந்தால்? இருந்தால் செத்துப்போன புருஷன் சவுரிநாதனின் சவப்பெட்டியை மூடும் முன்னால் அவன் காதோரம் குனிந்து இவள் சொன்ன சொல் என்னாகும்? இனிமே இந்தக் கருமம் என் வூட்டுப் படி ஏறாது. அவனுக்குச் சொன்னாளா, தனக்கா, கடவுளுக்கா என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்கே தெரியாது.

கால்கள் தாமாக நகர்ந்தன. ஒரு பாட்டிலில் ஒட்டிய சீட்டில் மலை வரைந்திருந்தது, ஒன்றில் மாதா கோவில் கோபுரம், இன்னொன்றில் ஒரு மாடு. மாட்டுக்கும் இதற்கும் என்ன? எல்லாவற்றிலும் ஒரு வருஷம் போட்டிருந்தான். மளிகைச் சாமானில் எத்தனைக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று போடுவானே, அதுதான் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள்; அப்படியானால் இங்கே இருப்பது அத்தனையும் காலம் கடந்தது. அப்புறம்தான் எத்தியேன் எப்போதோ சொன்னது நினைவு வந்தது: அது பழம் பறித்த வருஷமாம். அந்த வருஷம் பெய்த மழை, அடித்த வெயில், எல்லாம் உள்ளே அப்படியே இருக்குமாம். அவள் விரலால் ஒரு வருஷத்தைத் தொட்டாள். ரெஜினா கல்லூரி முடித்த வருஷம். அந்தக் கோடையில் வீட்டுக் கிணறே வற்றிப்போனது; எங்கோ ஒரு மலையில் அதே வெயிலில் ஒரு கொடி காய்த்து, அது நசுங்கி, புளித்து, கடல் தாண்டி வந்து, தன் விரலுக்குக் கீழே இருட்டில் படுத்திருக்கிறது என்றால் அது சாதாரண விஷயமா? உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு அடங்கும் முன்பே வேறொன்று இடித்தது: சவுரிநாதன் குடித்ததில் எந்த வருஷமும் இல்லை. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. பஞ்சாலையில் வேலை இருந்தவரை பிராந்தி, ஆலை மூடியபின் சாராயம். திறந்தால் தீர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அவள் வீட்டில் பாதி பாட்டில் என்ற ஒன்றை யாரும் பார்த்ததே இல்லை. அதனால்தான் சம்பந்தி வீட்டுச் சமையலறையில் அன்றைக்கு அவள் அப்படித் திகைத்துப் போனாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிற வழியில் அங்கே நுழைந்து, மோர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், கதவில், பால் பாக்கெட்டுக்கும் முட்டைக்கும் நடுவில், நிச்சயதார்த்தத்தன்று உள்ளே போன அதே பாட்டில். பாதிக்குக் கீழே கொஞ்சம் குறைந்திருந்தது. கார்க் திரும்ப மூடியிருந்தது. ஒரு வாரம் ஆகியிருந்தது! ஒரு வாரமாக அந்த வீட்டில் ஆம்பிளைகள் பால் எடுக்கிறார்கள், முட்டை எடுக்கிறார்கள், இது பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் அதை ராவோடு ராவாக முடித்துவிடவில்லை. திறந்ததை மூடவும் முடியுமா? அவ்வளவு வருஷம் தான் பட்ட பாடெல்லாம் கடைசியில் ஒரு கார்க் இல்லாததாலா? ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பொறாமையா, அழுகையா, வியப்பா என்று பிரிக்கத் தெரியவில்லை. மோரை எடுக்காமலே கதவைச் சாத்திவிட்டாள்.

“என்னம்மா பாக்கறீங்க? சொல்லுங்க, எடுத்துத் தரேன்.”

கடைக்காரர்தான்; கண்ணாடி போட்டவர், மீசை நரைக்கத் தொடங்கிய ஆள். “ஒயின்” என்றாள். கடை முழுக்க அதுதான் இருக்கிறது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. “வெல ரொம்ப வேணாம் தம்பி. வூட்டுக்கு சம்பந்தி வராங்க.”

“என்ன சமைக்கிறீங்க?”

“எனக்கு ஒயின்தான் வேணும்.”

“அதாம்மா கேக்கறேன். கறி என்னன்னு சொன்னாதான ஒயினு சொல்ல முடியும்.”

வாத்து என்றாள். மிளகு தூக்கலா, தேங்காய்ப் பால் உண்டா, குழம்பா வறுவலா என்று அவர் கேட்டுக்கொண்டே போனார், அவள் பதில் சொல்லிக்கொண்டே போனாள், வாய் பதில் சொல்ல மனசு மட்டும் அந்த முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொண்டு வர மறுத்தது. கறியைக் கேட்டுவிட்டுக் குடியைச் சொல்கிறார்! அவள் வாழ்க்கையில் குடி என்பது சோற்றைத் தள்ளிவிட்டுத்தான் வந்திருக்கிறது. தட்டில் போட்ட சோறு சுவரில் ஒட்டியிருக்கும். மீன் குழம்பு காய்ந்து வட்டமாகக் கறை பிடித்திருக்கும். ரெஜினா பள்ளிக்கூடம் போகும் முன் அதைச் சுரண்டுவாள். இங்கே என்னவென்றால் மிளகு எவ்வளவு என்று பார்த்து அதற்கு அடங்கி, தேங்காய்ப் பாலுக்கு இடம் விட்டு, சோற்றுக்குத் துணையாக வந்து உட்காருகிற குடி ஒன்று இருக்கிறதாம். இருக்கட்டும், நல்லா இருக்கட்டும், ஆனால் இரண்டும் ஒன்றுதானே? ஒன்று இல்லையா? இந்த இடத்தில்தான் நினைப்பு எப்போதும் வந்து முட்டிக்கொள்ளும், பல்லில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு அங்கேயே போகும். ஏனென்றால் ஒயினை அவள் அறியாதவளா? எத்தனை வருஷமாக அறிவாள்! மாதா சபைப் பெண்களுக்கு முறை வைத்துப் பீடத்துத் துணி துவைக்கக் கொடுப்பார்கள். பூசை முடிந்து சாமியார் பாத்திரத்தைத் துடைக்கிற சின்ன வெள்ளைத் துணி, நடுவில் சிவப்புச் சிலுவை தைத்தது, அதன் ஓரத்தில் நாவல்பழம் பட்டது போல ஒரு கறை இருக்கும். அதைச் சும்மா துவைத்துவிட முடியாது. முதல் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல், யார் காலும் படாத இடத்தில், கோவில் பின்பக்கத்து நந்தியாவட்டைச் செடியடியில் ஊற்ற வேண்டும். அப்புறம்தான் சோப்பு. கறை போகாவிட்டால் எலுமிச்சை. மூக்கருகே கொண்டுபோனால் புளிப்பும் தித்திப்புமாக ஒரு வாசனை, உடம்பெல்லாம் அடங்கிப்போகும், ஆண்டவருடைய இரத்தம் அல்லவா. காலையில் அதை அலசிய கை, சாயங்காலம் வாந்தியோடு வந்து விழுந்த சவுரிநாதனின் சட்டையை அலசும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி மேலே இரண்டு வாளி ஊற்றித் தள்ளிவிடுவாள். ஒரே கை. ஒரே நாள். ஒன்று பூச்செடிக்கு, ஒன்று சாக்கடைக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நாளும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் பயத்தில் செத்திருப்பாள். கானாவூர்க் கல்யாணத்தில் ஆண்டவர் தண்ணீரை மாற்றிக் கொடுத்தது என்ன பழச்சாறா? அவரே தொட்டுத் தூக்கிய பொருளை இவள் கருமம் என்று பெட்டிக்குள் கிடந்தவன் காதில் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் தப்பு அவனிடமா, பாட்டிலிடமா? இத்தனை வருஷம் பாட்டில்மேல் போட்ட பழியில் பாதியாவது அவனுக்குச் சேராதா? அவன்மேல் பாசம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாப் பாவத்தையும் தூக்கி அதன் தலையில் வைத்தாளா? இந்தக் கேள்வி எங்கிருந்து முளைத்தது என்று அவளுக்கே மிரட்சியாக இருந்தது. பக்கத்துத் தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் ஒரு பாட்டிலோடு திரும்பி வந்தார். நாசிக் பக்கத்துச் சரக்கு, சீமைச் சரக்கு விலை இல்லை, சம்பந்தி முன்னால் வைத்தால் கௌரவமாகவும் இருக்கும், லேசாகத் துவர்க்கும், மிளகுக் கறிக்கு எடுப்பாக இருக்கும் என்று சொன்னார். “நெறத்தப் பாருங்கம்மா, சும்மா சொல்லல” என்று இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துத் தலைக்கு மேலே விளக்குக்கு நேராகத் தூக்கினார். கறுப்பு என்று நினைத்திருந்த பாட்டிலுக்குள் விளக்கு இறங்கியது. இறங்கியதும் அந்தக் கறுப்பு உள்ளிருந்து விழித்துக்கொண்டு சிவந்தது; அவர் புறங்கையில், சட்டைப் பையில், கண்ணாடியில் எல்லாம் அந்தச் சிவப்பு ஆடியது. சரியாக அந்த நேரம் யாரோ கதவைத் திறக்க, கதவில் கட்டியிருந்த சின்ன மணி கிணுகிணுத்தது. அமலோற்பவத்தின் தலை தானாகக் குனிந்தது. வலது கை போய் நெஞ்சில் தட்டியது. முழங்கால் பாதி மடங்கிவிட்டது, அந்த நேரத்துக்கு என்று சின்னப் பிள்ளையிலிருந்தே பழகிய செபம் உதட்டில் வந்தேவிட்டது. எவ்வளவு வருஷப் பழக்கம்! பூசையில் சாமியார் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டுவார், மணி அடிக்கும், குனிய வேண்டும். குனிந்தே இருந்ததால் அதை அவள் சரியாக நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. அதன் ருசியும் தெரியாது. அப்பம் எல்லாருக்கும் உண்டு, பாத்திரத்தில் இருப்பது சாமியாரோடு சரி. வருஷக்கணக்காகக் கறையை மட்டும் அறிந்தவள். குனிந்த தலையோடு, வெறுங்காலோடு, ஒயின் கடை நடுவில் நின்றுகொண்டு அவள் வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தாள், வெட்கம் வரவில்லை. மெதுவாக நிமிர்ந்தாள். அது இன்னும் அங்கேயே தூக்கினபடி இருந்தது. முதல் தடவையாக நேருக்கு நேராகப் பார்த்தாள். எவ்வளவு அழகு. எவ்வளவு அழகாய்ப் படைத்திருக்கிறார் ஆண்டவர், ஒரு பழத்துக்குள் இதையெல்லாம் எப்படி வைத்தார், இதையும் வைத்து, இதைக் குடித்துக் கெட்டுப்போகவும் மனுஷனை விட்டு, இதையே தன் இரத்தம் என்றும் சொல்லி. தலை சுற்றுகிற மாதிரி இருந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

“என்னம்மா, மயக்கமா? இந்தா, ஸ்டூலு போடுங்கப்பா!” கடைக்காரர் பதறிப்போய்ப் பாட்டிலை இறக்கினார்.

“ஒண்ணுமில்ல தம்பி. நீங்க திடீர்னு தூக்கிட்டீங்க. பழக்கதோஷம்.”

அவருக்குப் புரியவில்லை. இவளைப் பார்த்தார், கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார், அதற்கப்புறம் அதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொண்டார். “இதையே குடுத்துடட்டுமா?”

“இதையே குடுங்க” என்றாள். சொல்லிவிட்டாள். வார்த்தை வெளியே வந்துவிட்டது, வானம் இடிந்து விழவில்லை. ஆனால் காசு எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டால் சுருக்குக் கயிறு அவிழ மாட்டேனென்றது. அதே நேரத்தில் போன் அடித்தது. ரெஜினா.

“எங்கம்மா இருக்க?”

“கடையிலதான். வாங்கிட்டேன்.”

 “வாங்கிட்டியா! நெசமா? உள்ள போயா?” என்று சின்னப் பெண்ணாகிவிட்ட குரல். பிறகு அவசரமாக: “சரி, கேளு. நாளைக்கு நீ அதத் தொடக்கூட வேணாம். எத்தியேன் தெறந்துக்குவாரு. மேசைல வெச்சதும் விருந்து வெக்கற வூட்டுக்காரங்க கிளாசுல மொதல்ல ஒரு வாய் ஊத்தணும், அவங்க குடிச்சுப் பாத்து சரின்னு சொன்னாதான் விருந்தாளிங்களுக்கு ஊத்தலாம். மாமா அதுல ரொம்ப மொறை பாப்பாரு. அப்பா எடத்துல எத்தியேன உக்கார வெச்சு அவரையே பாக்கச் சொல்லிடலாம். நீ அந்த நேரத்துக்கு அடுப்படிக்குப் போயிடு, வாத்து எடுக்கற மாதிரி.”

அடுப்படிக்குப் போய்விடு. நல்ல பிள்ளை. அம்மாவை ஒளித்து வைக்க இடம் பார்த்துவிட்டாள். ரெஜினா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா படியேறும் சத்தம் கேட்டால் அம்மா அவளை அனுப்பிய இடமும் அதுதான். அமலோற்பவம் கல்லாவின் மேல் நின்ற பாட்டிலைப் பார்த்தாள். விளக்கு இல்லாததால் மறுபடி கறுப்பாகிவிட்டிருந்தது. “எதுக்குடி வூட்டுக்காரங்க மொதல்ல?” என்று கேட்டாள்.

“அதுவாம்மா? சில சமயம் உள்ளயே கெட்டுப் போயிருக்குமாம். வெளிய பாத்தா தெரியாது. அது விருந்தாளி வாய்ல போயிடக் கூடாது, வூட்டுக்காரங்க மொதல்ல கண்டுபிடிச்சிடணும்னு.”

பயம் இருந்தது, அதில் சந்தேகமில்லை. கால் இன்னும் சில்லிட்டுத்தான் கிடந்தது. சவுரிநாதன் காதில் சொன்ன சொல்லும் எங்கேயும் போய்விடவில்லை. அந்தப் பயத்தோடேயே அவள் கையை நீட்டிப் பாட்டிலை எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அடியில் ஒரு கை கொடுத்துக்கொண்டாள்.

“எத்தியேன் வேணாம்” என்றாள். “எனக்கு ஊத்தச் சொல்லு.”

“அம்மா! நீயா? ஒனக்கு என்னம்மா தெரியும் அதப்பத்தி?”

“கெட்டுப்போனது எதுன்னு எனக்குத் தெரியாதாடி?” என்றாள் அமலோற்பவம். “நம்ம வூட்ல அது என்னத் தவிர வேற யாருக்குத் தெரியும்?”

அந்தப் பக்கம் ரெஜினா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அமலோற்பவம் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பாட்டிலை மார்போடு அணைத்தபடி, காசை எடுத்து நீட்டினாள்.